குடியரசுத் தலைவரின் கையெழுத்து: முடிவு யாருடையது, அவகாசம் எவ்வளவு?

மும்பை: செம்பூரை அடுத்து, டிராம்பே குன்றுகளின் ஓரமாக அமைந்துள்ள அணுசக்தி நகர், மத்திய அரசின் அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான குடியிருப்பு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றும் விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் இங்கு வசிக்கின்றனர். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இவர்களுடைய பணி வாழ்க்கையில் ஒரு பதவியின் பெயர் தொடர்ந்து இடம்பெறுகிறது. மத்திய அரசின் நிர்வாக நடவடிக்கைகள் அனைத்தும் குடியரசுத் தலைவரின் பெயரிலேயே மேற்கொள்ளப்பட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 77ஆவது பிரிவு. அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் அவர் பெயரிலேயே அமைய வேண்டும் என்பது 299ஆவது பிரிவு. மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் 'குடியரசுத் தலைவர் விரும்பும் காலம் வரை' பதவி வகிப்பார்கள் என்பது 310ஆவது பிரிவு.

இந்த ஆணைகளையும் ஒப்பந்தங்களையும் குடியரசுத் தலைவர் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் தவறிப்போனால் அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்று அதே 299ஆவது பிரிவு தெளிவுபடுத்துகிறது. அப்படியானால், அவருடைய பெயரில் நடக்கும் செயல்களில் எது அவருடைய முடிவு? இக்கேள்வி 2019ஆம் ஆண்டு நவம்பரில் அணுசக்தி நகர் வாக்காளர்களுக்கும் மகாராஷ்டிர மக்கள் அனைவருக்கும் ஒரு விடியற்காலைச் செய்தியாக வந்து சேர்ந்தது.

அதிகாலை 5.47 மணி

அணுசக்தி நகர் ஒரு சட்டமன்றத் தொகுதியும் ஆகும். 2019 அக்டோபர் 24ஆம் தேதி வெளியான தேர்தல் முடிவில், இத்தொகுதியில் தேசியவாத காங்கிரஸ் கட்சியின் நவாப் மாலிக் வெற்றி பெற்றார். 288 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் பாரதிய ஜனதா 105, சிவசேனா 56, தேசியவாத காங்கிரஸ் 54, காங்கிரஸ் 44 இடங்களைப் பிடித்தன. ஒன்றாகப் போட்டியிட்ட பாரதிய ஜனதாவும் சிவசேனாவும் முதல்வர் பதவி தொடர்பாகப் பிரிந்தன. எந்தத் தரப்பும் ஆட்சி அமைக்காத நிலையில், நவம்பர் 12ஆம் தேதி மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி அமலுக்கு வந்தது.

நவம்பர் 22ஆம் தேதி மாலை, சிவசேனா, தேசியவாத காங்கிரஸ், காங்கிரஸ் ஆகிய மூன்று கட்சிகளும் உத்தவ் தாக்கரேயை முதல்வராக்க உடன்பட்டதாகச் செய்தி வெளியானது. மறுநாள் அதிகாலை 5.47 மணிக்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கிக்கொள்ளப்பட்டது. சுமார் 8 மணிக்கு ஆளுநர் பகத் சிங் கோஷியாரி, தேவேந்திர ஃபட்னவிஸுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஊர் உறங்கி எழுவதற்குள் மாநிலத்துக்கு அரசு வந்துவிட்டது.

ஆட்சியை விலக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த். ஆனால் அதற்கு முன் மத்திய அமைச்சரவை கூடவில்லை. மத்திய அரசின் 1961ஆம் ஆண்டு அலுவல் நடத்தை விதிகளில் 12ஆவது விதி, தேவை எனக் கருதினால் அவ்விதிகளிலிருந்து விலகிச் செல்லப் பிரதமருக்கு அனுமதி அளிக்கிறது. அந்த விதியின் கீழ் பிரதமர் முடிவெடுத்தார். அமைச்சரவை பின்னர் அதற்கு ஒப்புதல் தந்தது. இந்த அலுவல் விதிகள் 77ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பெயரிலேயே வகுக்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது.

நவம்பர் 26ஆம் தேதி, அரசமைப்புச் சட்ட தினத்தன்று, மறுநாளே சட்டமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபிக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாக்கெடுப்புக்குக் காத்திராமல் அன்றே ஃபட்னவிஸ் பதவி விலகினார். நவம்பர் 28ஆம் தேதி தாதர் சிவாஜி பூங்காவில் உத்தவ் தாக்கரே முதல்வராகப் பதவியேற்றார்.

12ஆவது விதியின் பழைய வரலாறு

இந்த விதி அதற்கு முன்பும் ஒரு முறை நாட்டின் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தது. 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு, நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவைக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலையில்தான். பிரதமர் இந்திரா காந்தி குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், அமைச்சரவையைக் கூட்ட நேரமில்லை என்பதால் 12ஆவது விதியைப் பயன்படுத்துவதாகக் குறிப்பிட்டிருந்தார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, ஜனதா ஆட்சிக் காலத்தில் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் ஒரு கதவை அடைத்தது. 352ஆவது பிரிவின் கீழ் நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டுமானால், மத்திய அமைச்சரவையின் முடிவு எழுத்துமூலம் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பிரதமரின் சொல் மட்டும் போதாது. ஆனால் மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356ஆவது பிரிவில் இத்தகைய நிபந்தனை சேர்க்கப்படவில்லை. 2019இல் அந்த விடியற்காலை ஆணை சட்டப்படி சாத்தியமானதற்குக் காரணம் இந்த வேறுபாடே. இது பற்றி அரசியல் மேடைகளில் பேசப்பட்ட அளவுக்குச் சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேசப்படவில்லை.

'ஆலோசனையின்படி' என்ற சொல்

அரசமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியரசுத் தலைவருக்கு 'உதவவும் ஆலோசனை கூறவும்' பிரதமர் தலைமையில் அமைச்சரவை இருக்கும் என்று மட்டுமே 74ஆவது பிரிவு கூறியது. அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரா என்பதில் முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கே ஐயம் இருந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா விவகாரத்தில் அவருக்கும் பிரதமர் நேருவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது.

இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது அரசு ஊழியர்களின் பணிநீக்க வழக்குகளில். அணுசக்தி நகர்வாசிகள் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. வழக்கமாக ஓர் ஊழியரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்ய முடியாது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு கருதி விசாரணை உகந்ததல்ல என்று குடியரசுத் தலைவர் மனநிறைவு அடைந்தால், விசாரணை இல்லாமலேயே நீக்கலாம் என 311ஆவது பிரிவு விதிவிலக்கு அளிக்கிறது. அந்த மனநிறைவு குடியரசுத் தலைவரின் சொந்த மனநிறைவாக இருக்க வேண்டும் என்று 1971இல் சர்தாரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று ஆண்டுகளில் அக்கருத்து மாறியது. பஞ்சாப் மாநில நீதித்துறை அதிகாரிகளின் பணிநீக்கம் தொடர்பான சம்ஷேர் சிங் வழக்கில், 1974இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு முந்தைய தீர்ப்பைச் செல்லாததாக்கியது. குடியரசுத் தலைவரின் மனநிறைவு என்று அரசமைப்புச் சட்டம் சொல்லும் இடங்களில் அது பொதுவாக அமைச்சரவையின் மனநிறைவையே குறிக்கும் என்று அந்த அமர்வு தெளிவுபடுத்தியது.

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இதைச் சட்ட வாசகமாகவே ஆக்கியது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனையின்படியே செயல்பட வேண்டும் என்ற சொற்கள் 74ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டன. 44ஆவது திருத்தம் அதைச் சற்றே தளர்த்தியது. ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு அவர் அமைச்சரவையை ஒரு முறை கேட்கலாம். மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனையை அவர் ஏற்றே ஆக வேண்டும்.

ஆக, குடியரசுத் தலைவருக்கு எஞ்சியிருப்பது 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் அல்ல. 'மீண்டும் யோசியுங்கள்' என்று சொல்லும் அதிகாரம்தான். அதையும் எல்லாரும் பயன்படுத்தியதில்லை.

கேட்டவர்களும் கேட்காதவர்களும்

அந்த அதிகாரத்தைத் தெளிவாகப் பயன்படுத்தியவர் கே.ஆர்.நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்குமாறு ஐ.கே.குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. 1998 செப்டம்பரில் பிகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அவர் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில் அதே பரிந்துரை மீண்டும் வந்தது, இம்முறை கையெழுத்திட்டார். ஆனால் மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாததால், மார்ச் மாதம் அரசே ஆணையைத் திரும்பப் பெற்றது; ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார். குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு நாடாளுமன்றத்தின் எண்ணிக்கை பதில் சொன்னது எனலாம்.

தமிழகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு நிகழ்வை. 1991 ஜனவரி 30ஆம் தேதி, மு.கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைத்து அறிக்கை அனுப்ப ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கை மூலமாகவோ 'வேறு வகையிலோ' மனநிறைவு ஏற்பட்டால் போதும் என்ற 356ஆவது பிரிவின் வாசகத்தைக் கொண்டு, சந்திரசேகர் அரசின் ஆலோசனைப்படி ஆணை பிறப்பிக்கப்பட்டது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் தஞ்சை மாவட்டத்தின் ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். மூன்றாண்டுகளுக்குப் பின், 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில், இத்தகைய ஆணைகளை நீதிமன்றம் ஆராயலாம் என்றும், பெரும்பான்மை சட்டமன்றத்தில்தான் சோதிக்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோல் 1991இல் இருந்திருக்கவில்லை.

ஏ.பி.ஜே.அப்துல் கலாமின் பதவிக் காலத்தில் இரண்டு முகங்களையும் காணலாம். 2005 பிப்ரவரித் தேர்தலில் பிகாரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒரு முறைகூடக் கூடாத அந்தச் சட்டமன்றத்தை மே 23ஆம் தேதி கலைத்த ஆணையில், அரசுமுறைப் பயணமாக மாஸ்கோவில் இருந்த கலாம் கையெழுத்திட்டார். மன்மோகன் சிங் அமைச்சரவை நள்ளிரவை ஒட்டி எடுத்த முடிவு அது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை அரசமைப்புக்கு முரணானது என்றது. தாம் பதவி விலக எண்ணிக் கடிதம் தயாரித்து வைத்திருந்ததாகவும், பிரதமர் கேட்டுக்கொண்டதால் அதைக் கைவிட்டதாகவும் கலாம் பின்னாளில் 'டர்னிங் பாயிண்ட்ஸ்' நூலில் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம், ஆதாயம் தரும் பதவி தொடர்பான மசோதாவை அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். மாற்றமின்றி மீண்டும் நிறைவேறியதால் ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தார். பிகார் ஆணைக்கு அவர் எடுத்துக்கொண்டது சில மணி நேரம். இந்த மசோதாவுக்குச் சில வாரங்கள். அந்த இடைவெளியில்தான் மசோதா குறித்த பொது விவாதம் நடந்தது.

அவசரச் சட்டங்களிலும் இப்படி நிகழ்ந்துள்ளது. 1996இல் பொதுத் தேர்தல் நெருங்கிய வேளையில் நரசிம்ம ராவ் அரசு அனுப்பிய இரண்டு அவசரச் சட்டங்களில் சங்கர் தயாள் சர்மா கையெழுத்திடவில்லை.

கடிகாரம் இல்லாத அதிகாரம்

நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு ஒப்புதல் அளிக்க 111ஆவது பிரிவு கால வரம்பு எதையும் விதிக்கவில்லை. 1986இல் நிறைவேறிய இந்திய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதா, அஞ்சல்களை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதை ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. 1987 ஜூலையில் அவர் பதவிக் காலம் முடியும்வரை கோப்பு அப்படியே இருந்தது. மசோதா பிறகும் சட்டமாகவில்லை.

மாநில மசோதாக்களில் இந்தக் காலவரம்பின்மை இன்னும் கூர்மையாகிறது. ஆளுநர் ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினால், 201ஆவது பிரிவின்படி அவர் ஒப்புதல் அளிக்கலாம், மறுக்கலாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம். நாடாளுமன்ற மசோதாவைப் போல, இரண்டாம் முறை நிறைவேறினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கு இல்லை. இங்கும் அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்கிறார். ஆகவே மாநிலச் சட்டமன்றத்தின் முடிவை நடைமுறையில் எடைபோடுவது மத்திய அரசு.

தமிழகம் இதன் இரு முனைகளையும் பார்த்திருக்கிறது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டிருந்த நாள்களில் நிறைவேறிய ஜல்லிக்கட்டு மசோதாவுக்கு, அதே மாத இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேற்றப்பட்ட மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக, 2025 ஏப்ரல் 4ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். முதல் மசோதாவுக்கு நாள் கணக்கு; இரண்டாவதற்கு ஆண்டுக் கணக்கு.

அதே ஏப்ரல் 8ஆம் தேதி, தமிழக ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த பத்து மசோதாக்கள் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமக்கு அனுப்பப்படும் மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறியது. மே 13ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, 143ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். நவம்பர் 20ஆம் தேதி தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்து தெரிவித்தது. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது அரசமைப்புக்கு ஏற்றதல்ல. அதே நேரம், மசோதாவை ஆளுநர் காரணமின்றிக் காலவரையறையற்று முடக்கி வைக்க முடியாது என்றும், அத்தகைய நிலையில் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் அளவோடு பணிக்கலாம் என்றும் அமர்வு கூறியது.

கருணை மனுக்களிலும் காலமே வழக்கைத் தீர்மானித்தது. 72ஆவது பிரிவின்படி தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் அமைச்சரவை ஆலோசனைக்கு உட்பட்டதே. மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாபின் மனு 2012 நவம்பர் 5ஆம் தேதி நிராகரிக்கப்பட்டு, அதே மாதம் 21ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் மனுக்கள் பதினொரு ஆண்டுகள் நிலுவையில் இருந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தைக் காரணமாகக் காட்டியே 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

ஆலோசனை சொல்ல ஆளில்லாத வேளை

குடியரசுத் தலைவர் உண்மையிலேயே தனித்து முடிவெடுக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு. மக்களவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது, யாரைப் பிரதமராக அழைப்பது என்பதை அமைச்சரவை சொல்ல முடியாது. 1979இல் சஞ்சீவ ரெட்டி சரண் சிங்கை அழைத்தார். சரண் சிங் மக்களவையைச் சந்திக்காமலே பதவி விலக, ஜக்ஜீவன் ராமுக்கு வாய்ப்புத் தராமல் அவை கலைக்கப்பட்டது. 1989இல் வெங்கட்ராமன் தனிப்பெருங்கட்சி என்ற அடிப்படையில் முதலில் ராஜீவ் காந்தியை அழைத்தார். அவர் மறுத்த பின்னரே வி.பி.சிங்குக்கு அழைப்பு சென்றது. 1996இல் அதே அடிப்படையில் சர்மா வாஜ்பாயை அழைத்தார். அந்த அரசு 13 நாள்கள் நீடித்தது. 1998இல் நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டுப் பெற்ற பின்னரே வாஜ்பாயை நியமித்தார். விதி எழுதப்படாத இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வழக்கத்தை உருவாக்கிச் சென்றுள்ளனர்.

முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பட்டம் பலருக்கு வேறு எண்ணத்தைத் தரக்கூடும். அணுசக்தி நகரில் இக்கேள்வி எழுவது இயல்பு. 53ஆவது பிரிவு படைகளின் உச்ச தலைமையைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கினாலும், அது சட்டத்தின்படி முறைப்படுத்தப்பட வேண்டியது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த ஆணையிடும் அதிகாரம், 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தில், பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவிடம் உள்ளது.

வாக்கின் மதிப்பு 175

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். நியமன உறுப்பினர்களுக்கும் மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கில்லை. அரசமைப்பை மீறினால் 61ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் அவரைப் பதவி நீக்கலாம். இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு, 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். 2022 தேர்தலில் உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு மதிப்பு 208, தமிழக உறுப்பினருடையது 176, சிக்கிம் உறுப்பினருடையது 7. அணுசக்தி நகர் உள்ளிட்ட மகாராஷ்டிரத் தொகுதிகளின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 175. திரௌபதி முர்முவின் ஐந்தாண்டுப் பதவிக் காலம் 2027 ஜூலையில் நிறைவடைகிறது.